பொட்டில் குழி விழுந்தால் ஃபில்லர் போடலாமா?

வாசகர் கேள்விகளும் ஒரு தோல் மருத்துவரின் பதில்களும்

கன்னம், உதடு ஃபில்லர்கள் (தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்திக் குழியை நிரப்பும் ஜெல் போன்ற பொருட்கள்) பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "நெற்றிப்பொட்டுக்குப் போடுவது வேறு கதை, அதைப் பிறகு பார்க்கலாம்" என்று ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்வோம். பொட்டு என்று நான் சொல்வது கண்ணின் வெளி ஓரத்துக்கும் காதுக்கும் நடுவில், பல்லைக் கடித்தால் புடைத்துக்கொண்டு வருகிறதே, அந்த இடத்தை.

கேள்வி: எனக்கு 46 வயது. ஒரு வருடத்தில் நன்றாக எடை குறைத்தேன். உடம்பு லேசாகிவிட்டது, ஆனால் இரண்டு பொட்டும் உள்ளே போய், புருவத்தின் வால் தொங்கி, பார்ப்பவர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். ஃபில்லர் போட்டால் சரியாகிவிடும், நூறு சதவீதம் பாதுகாப்பானது என்று ஓர் அழகு நிலையத்தில் சொன்னார்கள். நம்பலாமா?

நூறு சதவீதம் என்று சொன்னவரிடம் போட்டுக்கொள்ளாதீர்கள். ஃபில்லரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் வேண்டாம் என்கிறேன்.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், நாடி துடிக்கும். அங்கிருந்து ஒரு இரத்தக் குழாய் மேலே ஏறி, பொட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை நெற்றிப் பக்கம் போகிறது. வயதானவர்கள் சிலருக்கு அது தோலுக்கு அடியில் நெளிநெளியாகத் தெரியும். நெற்றிக்குப் போன அந்தக் கிளை அங்கே சும்மா முடிந்துவிடுவதில்லை. கண் குழிக்குள்ளிருந்து புருவத்துக்கு மேலே வரும் சிறு குழாய்களோடு கைகோத்துக்கொள்கிறது. பிரச்சினையே அந்த இணைப்பில்தான். ஊசி முனை தவறி அந்தத் தமனிக்குள் இருக்கும்போது ஜெல்லை அழுத்தித் தள்ளினால், அது இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிப் போகும். கண்ணுக்குப் போகும் பெரிய குழாய்வரை போய்விட்டால், அழுத்தத்தை விட்ட அடுத்த நொடி இரத்தமே அதை முன்னால் தள்ளிக்கொண்டு விழித்திரைக்குக் கொண்டுபோய்விடும். விழித்திரையின் குழாய் அடைத்தால் அந்தக் கண்ணின் பார்வை போகும். அபூர்வமாக மூளைக்குப் போய்ப் பக்கவாதமும் வந்திருக்கிறது.

இது மேல் அடுக்கின் கதை. அதற்குக் கீழே தடித்த சவ்வு, அதன் மடிப்புக்குள் ஒரு கொழுப்புத் திண்டு. அந்தத் திண்டில், கன்ன எலும்பின் வளைவிலிருந்து சுமார் 2 செ.மீ. மேலே, ஒரு சிரை படுத்துக் கிடக்கிறது. சில பேருக்கு அது நல்ல தடிமனாகவே இருக்கும். சிரை என்றால் இரத்தம் இதயத்துக்குப் போகிற வழி. இதற்குள் ஜெல் நுழைந்தால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கும். இதுவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இன்னும் கீழே போனால் மெல்லும் தசை, அதற்குள் ஆழமான தமனிகள், கடைசியில் எலும்பு. பல மருத்துவர்கள் எலும்பைத் தொட்டு அதன்மேல் ஜெல்லை வைப்பதையே விரும்புகிறார்கள், மேலே சொன்ன இரண்டு குழாய்களையும் தாண்டிவிடலாம் என்பதால். அது நியாயமான வழிதான். ஆனால் ஆழத்திலும் தமனி உண்டு, அவற்றின் கிளைகளுக்கும் கண் குழிக்குள் தொடர்பு உண்டு. ஆபத்தே இல்லாத அடுக்கு என்று பொட்டில் ஒன்று கிடையாது. ஆபத்து குறைந்த அடுக்கு உண்டு, அவ்வளவுதான்.

இப்போது மறுபக்கம். ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் என்று உலகம் முழுவதும் பதிவானவர்களைத் திரட்டி 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 98 பேர். அதில் 38.8 சதவீதம் புருவங்களுக்கு நடுவே போட்டதால், 25.5 சதவீதம் மூக்கில் போட்டதால். பொட்டின் பங்கு இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆக, முகத்திலேயே மோசமான இடம் பொட்டு என்று பயமுறுத்துவதும் பொய்தான். ஆனால் பொட்டில் போடுகிறவர்களே மூக்கைவிடக் குறைவு, பதிவாகாமல் போகிற சம்பவங்களும் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். ஒரு தகவல்: தலைத்தோலில் போட்ட ஒரு மருந்து ஊசியால் கண்ணின் குழாய்களில் அடைப்பு வந்ததை 1963-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய ஃபில்லர்கள் அப்போது கிடையாது. பாதை மட்டும் இருந்தது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொட்டுக் குழிக்கென்று ஒரு ஹயலூரானிக் அமில ஃபில்லருக்கு (நம் தோலிலேயே இயல்பாக இருக்கும் ஒரு பொருளால் ஆன ஜெல்) முதன்முதலாக ஒப்புதல் கொடுத்தது 2024 மார்ச்சில்தான். ஜுவெடெர்ம் வொலூமா என்பது அதன் பெயர். 21 வயதுக்கு மேற்பட்ட, குழி ஓரளவுக்கோ அதிகமாகவோ விழுந்தவர்களுக்கு. அதற்கு முன் அங்கே பொட்டில் போட்டதெல்லாம் முகத்தின் வேறு இடங்களுக்கு அனுமதி வாங்கிய பொருட்களை மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் பயன்படுத்தியதுதான். அதில் சட்டவிரோதம் ஏதுமில்லை, ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது: எடை ஒரே நிலையில் சில மாதம் நிற்கட்டும். இன்னும் குறைந்துகொண்டே இருக்கும்போது போட்டால் அளவு தப்பும்; திரும்ப எடை கூடினால் பொட்டு உப்பிப்போய் இன்னொரு விதமாகத் தெரியும். எடை நின்ற பிறகும் குழி உங்களை உறுத்தினால், தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ போங்கள். பொட்டில் மட்டும் கொஞ்சமாகப் போட்டாலே புருவத்தின் வால் சற்று தூக்கும். முழுக் குழியையும் நிரப்பிச் சமதளமாக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ஐந்தாறு மாதமாகத்தான் பொட்டில் பள்ளம் தெரிகிறது. உடையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "வயசாகிவிட்டது" என்று வருத்தப்படுகிறார். அவருடைய பிறந்தநாளுக்கு ஃபில்லர் பரிசாகக் கொடுக்கலாம் என்று நானும் அண்ணனும் நினைக்கிறோம்.

பரிசைத் தள்ளி வையுங்கள். முதலில் அவரைப் பொது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்த வாரமே.

வயதால் விழுகிற குழி வருடக்கணக்கில் மெல்ல விழும். கொழுப்பு வற்றும், தசை மெலியும், எலும்பின் வளைவும் கொஞ்சம் மாறும். ஐந்தாறு மாதத்தில் பள்ளம், கூடவே முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை குறைவு என்றால் அது ஃபில்லர் கேள்வி அல்ல. நோயாளியின் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடும்போது மருத்துவர்கள் விரலால் அழுத்திப் பார்க்கும் இடங்களில் பொட்டும் ஒன்று. தசை கரைந்திருந்தால் அங்கே சீக்கிரம் தெரியும். தைராய்டு மிகைச் சுரப்பு, கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், மன அழுத்தத்தால் சாப்பிடாமல் இருப்பது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக் கூடிய ஏதாவது ஒன்றாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் தேடிப் பார்க்காமல் மேலே நிரப்பிவிட்டால் உடம்பு காட்டிய ஓர் அடையாளத்தை நாமே மறைத்துவிடுகிறோம்.

மற்ற வாசகர்களுக்கும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது, அந்த இடத்துத் தோல் இறுகியோ நிறம் மாறியோ இருக்கிறது என்றால் அது தோலும் அடித்திசுவும் சுருங்குகிற நோயாக இருக்கலாம். மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தசை மெலிவதும் உண்டு. இளம் வயதிலேயே இரண்டு பொட்டும் வற்றி, இறுக்கிப் பிடித்த கையைச் சட்டென்று விரிக்க முடியாமல், வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே இருந்தால், பரம்பரைத் தசை நோய் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். என் அறைக்குள் பொட்டைக் காட்டிக்கொண்டு யார் வந்தாலும், "எப்போதிலிருந்து?" என்பதுதான் என் முதல் கேள்வி. கண்ணாடியில் தெரிகிற குழியைவிட அதன் தேதி எனக்கு முக்கியம். பழைய புகைப்படம் கொண்டுவரச் சொல்வதும் அதற்குத்தான்.

கேள்வி: வயது 24. தினமும் நீண்ட தூரம் ஓடுகிறேன், முகம் ஒட்டிப்போயிருக்கிறது. ஊசியே இல்லாத ஃபில்லர் பேனா இணையத்தில் விற்கிறார்கள். வீடியோ பார்த்து நானே பொட்டில் போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

வேண்டாம், தம்பி. அந்தப் பேனா அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பாய்ச்சுகிறது. எந்த அடுக்கில் நிற்கும் என்று அதைச் செய்தவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. ஊசியில்லாத இந்தக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது. இணையத்தில் வாங்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. திரவ சிலிகோனாக இருந்தால் வாழ்நாள் முழுக்க அது உங்கள் முகத்தில்தான். ஏதாவது தவறினால் கரைக்கும் மருந்து உங்கள் கையில் இருக்காது, அதைப் போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க மாட்டார். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு முகம் அப்படித்தான் இருக்கும். உங்கள் வயதில் நான் இதற்கு ஒன்றும் செய்யமாட்டேன்.

கேள்வி: ஊசியைவிட கேன்யூலா பாதுகாப்பானது என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரோ, "ஊசியைப் பின்னால் இழுத்துப் பார்த்து இரத்தம் வராவிட்டால் போடலாம்" என்கிறார். எது சரி?

முனை மழுங்கிய, பக்கவாட்டில் துளை உள்ள மெல்லிய குழல்தான் கேன்யூலா. குழாயைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும் என்பது எதிர்பார்ப்பு. 370 தோல் மருத்துவர்களிடம் கேட்டு, 17 லட்சம் சிரிஞ்சு ஃபில்லர்களைக் கணக்கில் எடுத்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. ஊசியால் போட்டதில் 6,410 சிரிஞ்சுக்கு ஒரு குழாய் அடைப்பு, கேன்யூலாவில் 40,882-க்கு ஒன்று. இது முழு முகத்துக்குமான கணக்கு, பொட்டுக்கு மட்டும் அல்ல. மருத்துவர்கள் தாங்களே சொன்னதை வைத்துச் செய்தது. இருந்தாலும் வித்தியாசம் கண்ணில் படுகிற அளவுக்குப் பெரியது.

இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கேன்யூலா என்று முடிவு கட்டிவிட முடியாது. மிக மெல்லிய கேன்யூலா ஊசியைப் போலவே தமனிச் சுவரைத் துளைத்துவிடும். அதனால் 25 கேஜ் அல்லது அதைவிடத் தடித்ததையே பலரும் எடுக்கிறோம். கேஜ் எண் குறையக் குறைய குழல் தடிமன் என்பதை நினைவில் வையுங்கள், கடைக்காரரைப் போல எண் பெரிதானால் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பின்மேல் வைப்பதற்கோ ஊசிதான் வசதி, கேன்யூலாவால் அங்கே செங்குத்தாக இறங்க முடியாது. ஆகவே எந்த அடுக்கு என்பது முதலில், எந்தக் கருவி என்பது அப்புறம்.

பின்னால் இழுத்துப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். இரத்தம் வந்தால் நிறுத்த வேண்டும், அதில் சந்தேகமில்லை. வராவிட்டால் பத்திரம் என்பதுதான் தவறு. ஜெல் கெட்டியானது, ஊசித் துளை சிறியது, மெல்லிய சிரை இழுத்தவுடன் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள்ளேயே முனை இருந்தும் இரத்தம் வராமல் போகலாம். நானும் இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் அதன் பதிலை நம்பி வேகமாகப் போடுவதில்லை. மெதுவாக, மிகக் குறைந்த அழுத்தத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பாதுகாப்பு. கொஞ்சமாக உள்ளே போனால் அது பின்னோக்கி ஓடும் தூரமும் குறைவு. இப்போது டாப்ளர் அல்ட்ராசவுண்டை வைத்துக் குழாயைப் பார்த்துவிட்டுப் போடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். நல்ல பழக்கம், ஒருவருக்கு இருக்கும் இடத்தில் இன்னொருவருக்குக் குழாய் இருப்பதில்லை, சில சமயம் அதே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றாக இருப்பதில்லை.

கேள்வி: ஃபில்லரில் பல வகை இருக்கிறதாமே. வருடக்கணக்கில் நிற்பதைப் போட்டால் அடிக்கடி ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து குறையாதா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. என் கணக்கு தலைகீழ்: பொட்டில் முதல் முறை போடுகிறவருக்குக் கரைக்க முடிந்த பொருளைத் தவிர வேறெதையும் நான் எடுப்பதில்லை.

ஹயலூரானிக் அமில ஜெல்லைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. தவறான இடத்தில் கட்டி மாதிரி நின்றாலும், குழாயை அடைத்தாலும், ஊசியால் அதைப் போட்டுக் கரைக்கலாம். இன்னொரு வகை ஃபில்லரான கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு அப்படி நம்பகமான கரைக்கும் மருந்து கிடையாது. பாலி எல் லாக்டிக் அமிலத்துக்கும் கிடையாது. பின்னது உண்மையில் நிரப்பும் பொருளே அல்ல. உடம்பைத் தூண்டி மாதக்கணக்கில் கொலாஜன் வளர வைக்கிறது. 2004-ல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு முகக் கொழுப்பு வற்றுவதைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவில் அதற்கு முதலில் ஒப்புதல் கிடைத்தது, அவர்களில் பலருக்கு அது பெரிய ஆறுதல். அனுபவமுள்ள கைகளில் பொட்டுக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. சரியாகக் கலக்காமல், மேல் அடுக்கில் போட்டால் உருண்டை உருண்டையாக முடிச்சு விழும். போட்ட பிறகு 5 நாள், தினம் 5 முறை, 5 நிமிடம் தடவிக்கொடுக்கச் சொல்வது இந்த ஒரு பொருளுக்கு மட்டும்தான். ஹயலூரானிக் போட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பொட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள்!

சொந்தக் கொழுப்பை எடுத்துப் போடுவது இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன 98 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பார்வை போனது கொழுப்பால். அது கரையாது, துகள்களும் பெரியவை. கொழுப்பு மாற்றம் வேண்டாம் என்பதல்ல, "இயற்கை" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள் என்கிறேன்.

நிரந்தர ஃபில்லர் பற்றி ஒரே வரி: முகம் மாறிக்கொண்டே இருக்கும், அது மாறாது.

இன்னொன்று. ஒரு வருடம் நிற்கும் என்று சொல்லிப் போட்ட ஹயலூரானிக் ஜெல் அதற்கு மேலும் பல வருடம் திசுவுக்குள் இருப்பது எம்.ஆர்.ஐ.-யில் தெரிந்திருக்கிறது. "கரைந்திருக்கும், இன்னொன்று போடுங்கள்" என்று கேட்பவர்களிடம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். பொட்டு அளவாக நிரம்பியிருப்பது அழகு. வெளியே புடைத்துவிட்டால் தலை வடிவமே மாறியது போல இருக்கும்.

கேள்வி: நான் 58 வயதுப் பெண். மூன்று வாரத்துக்கு முன் பொட்டில் ஃபில்லர் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பொட்டில் தலைவலி. சாப்பிடும்போது தாடை வலிக்கிறது, மெல்லுவதை நிறுத்தினால் குறைகிறது. தலை சீவும்போது கூட எரிகிறது. போட்ட இடத்தில் "எல்லாருக்கும் அப்படித்தான், போகப்போகச் சரியாகும்" என்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் ஆசிரியர் குழு மூலம் உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மெல்லும் தசைக்குள்ளோ அதன் அடியிலோ ஜெல் உட்காருவதால் சில நாள் மெல்லும்போது வலிக்கும், தலை பாரமாக இருக்கும். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்று வாரமாகக் குறையவில்லை, அதோடு நீங்கள் 50 வயதைத் தாண்டியவர், தலைத்தோல் தொட்டால் எரிகிறது, மெல்லும்போது தாடை ஓய்ந்துபோகிறது என்றால், பொட்டுத் தமனியில் வரும் அழற்சி நோய் ஒன்றை முதலில் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். பெரிய செல் தமனி அழற்சி என்று அதற்குப் பெயர். ஃபில்லருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல், இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கலாம். ஃபில்லர் போட்டிருப்பதாலேயே எல்லோரும் அதன்மேல் பழியைப் போட்டுவிடுவார்கள், அதுதான் இங்கே சிக்கல். கவனிக்காவிட்டால் அந்த நோயும் பார்வையைப் பறிக்கும், ஒரு கண் போனால் அடுத்த கண்ணும் சில நாளிலோ வாரங்களிலோ போகலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள், தமனிக்கு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதனை. சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். பொட்டில் எந்த ஃபில்லர், எந்த அடுக்கில், எவ்வளவு என்பதை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர் அங்கே தெரியும் ஜெல்லைப் பார்த்துக் குழம்பக் கூடாது. கண் மங்குவதோ, இரட்டையாகத் தெரிவதோ ஒரு முறை வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்திருப்பவர்கள் அதைச் சரிபார்க்காமல் பொட்டில் ஃபில்லர் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் சொந்த விதி.

கேள்வி: போட்டுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஹயலூரானிடேஸ் இங்கே, இப்போது, எத்தனை குப்பி இருக்கிறது என்று கேளுங்கள். "தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குழாய் அடைப்புக்குக் கட்டி கரைப்பது போல ஒரு சொட்டு போதாது. அதிக அளவில், மணிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஒரு குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம், கண்ணில் ஏதாவது ஆனால் எந்தக் கண் மருத்துவரை அழைப்பீர்கள் என்று கேளுங்கள். பெயரோடு பதில் வர வேண்டும். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் பொட்டில் ஊசி போடுவதற்கு ஏற்றவர் அல்ல.

நான் போடும்போது விரலால் தமனியின் துடிப்பைத் தேடி வெள்ளைப் பென்சிலால் வரைந்துகொள்வேன், பல்லைக் கடிக்கச் சொல்லித் தசையைப் பார்ப்பேன். தொடங்குவதற்கு முன் ஒரு கண்ணை மூடிச் சுவர் நாட்காட்டியைப் படிக்கச் சொல்வேன், பிறகு மறு கண். முடிந்ததும் திரும்ப. "கண்ணுக்கா வந்தேன்?" என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போடும்போது பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருப்பேன். கண்ணில் வலி, மங்கல், வாந்தி வருகிற மாதிரி, எதுவாக இருந்தாலும் உடனே சொல்லச் சொல்வேன். ஒரு பக்கம் முடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த பக்கம். சிரிஞ்சின் பெயர், தொகுதி எண் ஒட்டிய சீட்டை உங்களிடமே கொடுத்துவிடுவேன். எங்கே போட்டாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க இதய மருத்துவர் கொடுத்த மாத்திரையை, போட்ட இடத்தில் இரத்தம் கட்டி நீலம் பாயும் என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். நீலம் மறைந்துவிடும். பல் சிகிச்சை, காய்ச்சல், முகத்தில் கொப்புளம் ஏதாவது இருந்தால் ஓரிரு வாரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பமாக இருந்தால், தாய்ப்பால் கொடுத்தால், பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு லேசான வீக்கம், தொட்டால் வலி, கொஞ்சம் நீலம், மெல்லும்போது சுருக் என்பது, இவையெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதவை இவை: போட்ட இடமோ நெற்றியோ தலைத்தோலோ வெளுத்துப் போவது, அல்லது வலை பின்னியது போல ஊதா நிறம் படர்வது, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரத்தம் திரும்ப நேரமாவது. ஜெல்லிலேயே மரப்பு மருந்து கலந்திருந்தால் முதலில் வலியே தெரியாமலும் போகலாம், அதனால் நிறத்தைப் பாருங்கள். தலைமுடிக்குள் மறைந்திருக்கும் தோலை நீங்களே பார்க்க முடியாது, வீட்டில் ஒருவரை வகிடு பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் சில நாளில் சிறு கொப்புளங்கள், புண், அந்த இடத்தில் முடி கொட்டுவதுவரை போகும். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் தடம் தெரியாமல் சரிசெய்துவிடலாம்.

கண் என்றால் கணக்கே வேறு. விழித்திரை இரத்தம் இல்லாமல் தாங்குவதை மணிக்கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். திடீர் மங்கல், கண்ணுக்குள் கடும் வலி, இமை தொங்குவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது, மூச்சுத் திணறலோடு இருமல், இவற்றில் எது வந்தாலும் ஃபில்லர் போட்டவரின் வரவேற்பறைக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய், "முகத்தில் ஃபில்லர் போட்டேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: தேனீ கொட்டினால் எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைக்கும். ஃபில்லருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஃபில்லருக்கு இல்லை. அதைக் கரைக்கும் மருந்துக்கு உண்டு. தேனீ, குளவி விஷத்திலும் ஹயலூரானிடேஸ் இருக்கிறது, அதனால் உங்கள் உடம்பு மருந்தையும் எதிரியாக நினைக்கலாம். அவசரத்தில் உயிரைக் காக்கும் ஏற்பாடுகளோடு அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரலாம், ஆனால் அழகுக்காகச் செய்கிற ஒன்றுக்கு அப்படி ஒரு நிலையை வரவழைக்க வேண்டுமா? உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஒவ்வாமை நிபுணரைப் பார்ப்பேன், அவர் சொல்லும்வரை பொட்டைத் தொடமாட்டேன்.

கேள்வி: முகத்தில் வயது தெரிந்தால் என்ன? மருத்துவரான நீங்களே இதற்கெல்லாம் பக்கம் ஒதுக்குவது சரியா?

ஒன்றும் இல்லைதான். எனக்கும் இரண்டு பொட்டிலும் குழி இருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் நான் எழுதாவிட்டாலும் போட்டுக்கொள்வார்கள், அந்தப் பேனாவைக் கூட வாங்கிவிடுவார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பொட்டில் போட்ட பிறகு மூக்குக் கண்ணாடி, ஹெல்மெட் எல்லாம் போடலாமா? நான் தினமும் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவன்.

கண்ணாடியின் காம்பு பொட்டை இறுக்கிப் பிடிக்காத அளவுக்குத் தளர்வாக இருந்தால் போடலாம். இறுக்கமான நீச்சல் கண்ணாடி, தலைப்பட்டை, ஒரு பக்கமாக அழுத்திப் படுப்பது, நீராவிக் குளியல் இவற்றை ஒன்றிரண்டு வாரம் தவிர்க்கலாம். ஹெல்மெட் பொட்டை அழுத்தத்தான் செய்யும். அதற்காக அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். முதல் சில நாள் பேருந்தில் போங்கள், அல்லது விடுமுறையை ஒட்டி ஊசிக்கு நாள் குறியுங்கள்.